வீட்டிலேயே செய்யலாம், கழற்றி வைக்கலாம்: துள்ளல் உள்ள மர நடனத் தரை

சிமெண்ட் தரையிலோ டைல்ஸ் மேலோ நாள் தவறாமல் ஆடிப் பழகுகிறவர்களுக்குக் கெண்டைக்கால் வலியைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலுக்கு அடியில் லேசாக இறங்கிக் கொடுக்கும் மரத்தரை இருந்தால் உடம்புக்குப் பெரிய ஆறுதல். அதை வீட்டிலேயே செய்யலாம், கழற்றி அடுக்கலாம், வீடு மாறினால் கையோடு எடுத்துப் போகலாம். பெரிய தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எதை எந்த வரிசையில் செய்வது என்பது ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. பிளைவுட் விற்பவருக்கு நடனம் தெரியாது, ஆடுகிறவருக்கு மரம் தெரியாது. இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டுத்தான் நான் சேர்த்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேலையில் இறங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரை மெத்தென்று இருப்பதைவிட, எல்லா இடத்திலும் ஒரே அளவு இறங்குவது முக்கியம். நடுவில் நன்றாக இறங்கி, பலகைகள் சேரும் இடத்தில் கல்லாக நிற்கும் தரையைவிட வெறும் சிமெண்டே மேல். கால் ஒன்றை எதிர்பார்த்து இறங்கும், கிடைப்பது வேறாக இருக்கும். கணுக்கால் பிசகுவது அங்கேதான். கீழே வரும் அளவுகளும் இடைவெளிகளும் கொஞ்சம் கெடுபிடியாகத் தோன்றினால் காரணம் இதுதான்.

1. என்ன ஆடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

அடியில் இருக்கும் அமைப்பு எல்லா நடனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு பிளைவுட் அடுக்குகளை ஒட்டிய நாலடிச் சதுரப் பலகைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஃபோம் துண்டுகள், பலகைகளைப் பிணைக்கப் போல்ட்டுகள், வெளி ஓரத்தை நிரப்பக் குறுகிய பட்டைகள். மாறுவது மேற்பரப்பு.

பரதநாட்டியம் போல வெறுங்காலால் தட்டி ஆடுவதென்றால் நன்றாக இழைத்து, மங்கலான பூச்சு கொடுத்த மரமே போதும். சிராய் இல்லாமல் இருப்பதுதான் அங்கே தலையாய கவலை. பாலே, சமகால நடனம் போன்றவற்றுக்கு மேலே நடன வினைல் விரிப்பு தேவைப்படும். டாப் நடனத்துக்குக் கடினமான மேற்பரப்பு வேண்டும். சாதாரண பிளைவுட்டை டாப் காலணியின் தகடு கொஞ்ச நாளில் கொத்திக் கிழித்துவிடும். அதனால் 6 மி.மீ. கெட்டி ஹார்டுபோர்டு ஒன்றை மேலே திருகி, தேய்ந்ததும் மாற்றிக்கொள்வது சிக்கனமான வழி. ஜோடி நடனத்தில் காலணியோடு சுழல வேண்டியிருப்பதால் வழுக்கும் தன்மை கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வினைல் அங்கே வேலைக்கு ஆகாது.

ஒரே தரையில் எல்லாமே ஆட வேண்டும் என்றால்? மரத்தரையாகவே முடித்துவிட்டு வினைலைத் தனிச் சுருளாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் என் யோசனை.

2. இடத்தை அளந்து பாருங்கள்

ஒருவர் ஆடுவதற்கு நான்கு பலகைகள், அதாவது சுமார் எட்டடிக்கு எட்டடி, வசதியான தொடக்கம். இந்தக் கட்டுரையில் சொல்லும் முறையில் ஓரப் பட்டைகளையும் சேர்த்தால் முடிந்த தரை 2.53 மீட்டர் சதுரமாக வரும். சுவரோரம் எல்லாப் பக்கமும் 10 முதல் 15 மி.மீ. விட வேண்டும், ஏனென்றால் மரம் ஈரக்காற்றில் விரியும். ஆக 2.6 மீட்டருக்குக் குறைந்த அறையில் இந்த அளவைத் திணிக்காதீர்கள்.

அப்புறம் உயரம். 50 மி.மீ. ஃபோம், 18 மி.மீ. பிளைவுட், இரண்டும் சேர்ந்து 68 மி.மீ. இதில் பலரும் மறப்பது கதவு. அறைக்குள் திறக்கும் கதவாக இருந்தால் தரையை விரித்ததும் அது திறக்காது. கதவு சுழலும் வளைவை விட்டுத்தான் தரையைப் போட முடியும். கையை மேலே தூக்கிக் குதித்தால் விசிறியோ விளக்கோ தட்டுமா என்பதையும் இப்போதே பாருங்கள். தரை முடிந்த பிறகு நீங்கள் 7 செ.மீ. உயரமாகிவிடுவீர்கள்.

அடியில் இருக்கும் தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க 2 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டத்தை அங்கங்கே வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் ஃபோம் தரையைத் தொடாமல் தொங்கும், ஆடும்போது டொக்கு டொக்கென்று சத்தம் வரும். பலகைகளை வேறு பக்கம் நகர்த்துங்கள், அல்லது பள்ளத்துக்கு மேல் வரும் ஃபோமுக்கு அடியில் மெல்லிய ரப்பர் துண்டு ஒட்டுங்கள். தடித்த கம்பளத்தின் மேல் இந்தத் தரையைப் போடவே வேண்டாம். அசையும்.

3. அனுமதியும் காகிதங்களும்

வெறும் பலகைதானே, இதற்கு என்ன காகிதம் என்று தோன்றும். நான்கு இருக்கின்றன.

வாடகை வீடு அல்லது அடுக்குமாடி என்றால் வீட்டு உரிமையாளரிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தரையில் ஆணியோ பசையோ படாது, கழற்றிவிடலாம், பயிற்சி இன்ன நேரத்தில்தான் என்று மூன்று வரி எழுதினால் போதும். கீழ்வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லுங்கள். ஃபோம் தரை ‘டக்’ என்ற கூர்மையான சத்தத்தைக் குறைக்கும். குதித்து இறங்கும் ‘தும்’ என்ற அடிச்சத்தத்தை முழுதாக நிறுத்தாது. ஃபோம் போட்டால் கீழே எதுவும் கேட்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, பிளைவுட்டின் தரச்சான்று. மூடிய அறையில் நிறைய பிளைவுட்டை வைத்து மூச்சிரைக்க ஆடப் போகிறீர்கள், அதனால் ஃபார்மால்டிஹைடு (பிளைவுட் பசையிலிருந்து கசியும் வாயு) வெளியேற்ற வகையைக் கேளுங்கள். ஈ1 அல்லது அதைவிடக் குறைந்த வகை என்று ஷீட்டிலோ ரசீதிலோ இருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது.

மூன்றாவது, ஃபோமின் விவரத்தாள். அடர்த்தி, மூடிய அறை வகையா திறந்த அறை வகையா (‘அறை’ என்பது ஃபோமுக்குள் இருக்கும் சின்னக் காற்றுக் குமிழ்), தீ தாங்கும் தன்மை ஆகியவை அதில் இருக்கும். தரையை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் முதல் இரண்டு போதும். மேடைக்கோ அரங்கத்துக்கோ எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் தீ பற்றிய சான்றைக் கேட்பார்கள். வாங்கி ஒரு வருடம் கழித்து அதைத் தேடினால் கிடைக்காது, வாங்கும்போதே வாங்கி வையுங்கள்.

நான்காவது, உங்கள் கையால் எழுதிய வெட்டுப் பட்டியல். அதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

4. பொருள் வாங்குவது

நான்கு பலகைத் தரைக்கு 8×4 அடி அளவில் 9 மி.மீ. பிளைவுட் ஷீட் நான்கு. ஓரப் பட்டைகளுக்காக இன்னும் ஒன்று, ஆக ஐந்து. ஒரே 18 மி.மீ. பலகைக்குப் பதிலாக இரண்டு 9 மி.மீ. ஏன்? இரண்டு அடுக்கையும் கொஞ்சம் தள்ளி ஒட்டினால்தான் பக்கத்துப் பலகையோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார ஓரத்தில் ஒரு ‘படி’, அதாவது நீட்டி நிற்கும் விளிம்பு, கிடைக்கும். அந்தப் படிதான் இணைப்பில் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது.

கடையில் ஷீட்டின் நான்கு ஓரத்தையும் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே கறுப்பாக ஓட்டை தெரிந்தால் உள்ளேயும் ஓட்டை இருக்கும். குதிகால் விழும் இடம் அதுவாக இருந்தால் ஒருநாள் உள்ளே போகும். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனாலும் தெரியும், ஓட்டை இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), துகள்பலகை இரண்டும் வேண்டாம். எடை அதிகம், ஈரம் பட்டால் ஊதும், ஓரத்தில் திருகு நிற்காது. ஃபோம் புதிர்ப்பாயின் மேல் லேமினேட் தரையைப் பூட்டிப் போடுவது இன்னொரு குறுக்கு வழி. இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டினால் அதன் பூட்டு உதடுகள் உடைந்துவிடும்.

ஃபோம் விஷயத்தில்தான் ஏமாறுவது எளிது. சோபா, மெத்தைக்கு விற்கும் மிருதுவான பாலியூரித்தேன் ஃபோம் கையால் அழுத்தும்போது அருமையாக இருக்கும். ஆள் ஏறி நின்றதும் அப்பளமாகிவிடும், அதற்கு மேல் இறங்க இடமே இல்லை. உங்களுக்கு வேண்டியது மூடிய அறை வகை: ஈ.வி.ஏ. அல்லது குறுக்கிணைப்புள்ள பாலிஎத்திலீன், 50 மி.மீ. கனம், கன மீட்டருக்கு 35 முதல் 45 கிலோ அடர்த்தி. கட்டைவிரலால் அழுத்தினால் எதிர்க்க வேண்டும், விட்டதும் உடனே பழைய உருவத்துக்கு வர வேண்டும். 2×1 மீட்டர் ஷீட் ஒன்று வாங்கினால் நான்கு பலகைக்கும் ஓரப் பட்டைகளுக்கும் போதும், மீதியும் இருக்கும்.

மற்றவை: நீர் தாங்கும் மரப்பசை, 16 மி.மீ. நீளத் திருகுகள், எம்6 அளவில் தட்டைத்தலை போல்ட்டுகள், அதே அளவு டி-நட்டுகள் (மரத்தில் அடித்து ஏற்றும் பல் வைத்த நட்டுகள்), தொடுபசை, இரட்டைப்பக்க டேப், நீர் கலந்த பாலியூரித்தேன் வார்னிஷ், 120 மற்றும் 180 எண் உப்புத்தாள். கருவிகளில் டிரில்லும் சில கிளாம்புகளும் மூலைமட்டமும் இருந்தால் சமாளிக்கலாம்.

செலவில் பெரும்பங்கு பிளைவுட்டுக்கே போகும், அடுத்தது ஃபோம். நடன வினைலும் வாங்கினால் மொத்தக் கணக்கே மாறிவிடும், அதனால் அதைத் தனிச் செலவாக எழுதி வைத்து, முதலில் மரத்தரையை முடியுங்கள். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் கீழடுக்குக்கு முகப்பு அழகில்லாத ஷீட் வாங்கலாம். மேலடுக்கிலும் ஃபோமிலும் கை வைக்காதீர்கள். கணக்கில் வராமல் போவது வண்டிக்கூலியும் வெட்டுக்கூலியும். விலை கேட்கும்போதே அவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஷீட்டுகள் வந்ததும் வெட்ட ஓடாதீர்கள். தரை எந்த அறையில் இருக்கப் போகிறதோ அங்கே இரண்டு மூன்று நாள் சமதளத்தில் படுக்க வையுங்கள். அறையின் ஈரப்பதத்துக்கு மரம் பழகட்டும்.

5. வெட்டுப் பட்டியல்

எட்டடி ஷீட்டை நடுவில் வெட்டினால் நாலடி சதுரம் இரண்டு வரும் என்பது கணக்குப்படி சரி. நடைமுறையில் ரம்பம் சுமார் 3 மி.மீ. தின்றுவிடும், தொழிற்சாலை ஓரமும் எப்போதும் நேராக இருக்காது. அதனால் அளவைக் கொஞ்சம் குறைத்து எழுதுங்கள்:

மேலடுக்கு: 1215 × 1215 மி.மீ., நான்கு துண்டு.
கீழடுக்கு: 1213 × 1213 மி.மீ., நான்கு துண்டு.
ஓரப் பட்டை: 98 மி.மீ. அகலத்தில், ஒரு ஷீட் முழுக்க நீளவாக்கில்.

அந்த 2 மி.மீ. வித்தியாசம் வேண்டுமென்றே வைத்தது. மேலே 1 மி.மீ. இடைவெளியில் பலகைகள் சேரும்போது கீழே 3 மி.மீ. இடைவெளி இருக்கும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் கீழடுக்கு முட்டிக்கொண்டு மேலே சேரவிடாது.

பெரிய மேசை ரம்பம் உள்ள கடையில் வெட்டிக்கொள்வது நல்லது. கையால் வெட்டினால் இந்த நுணுக்கம் வராது. பட்டியலின் அடியில் ‘எல்லாச் சதுரமும் ஒரே அமைப்பில், அளவை மாற்றாமல் வெட்டவும்’ என்று எழுதிக் கொடுங்கள். கடையிலேயே மூலைவிட்டத்தை அளங்கள். 1215 சதுரத்துக்கு 1718 மி.மீ. வர வேண்டும், இரண்டு மூலைவிட்டங்களுக்கும் இடையே 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு கோணல் தெரிந்தால் யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள். ஒரு பலகை கோணலாக இருந்தால் நான்கும் சேராது.

6. இரண்டு அடுக்கையும் ஒட்டுவது

கீழ்ப்பலகையை எடுத்து, அதன் வலது ஓரத்திலிருந்தும் முன் ஓரத்திலிருந்தும் 100 மி.மீ. உள்ளே கோடு போடுங்கள். மேல்பலகையின் வலது ஓரமும் முன் ஓரமும் அந்தக் கோட்டில் வந்து நிற்க வேண்டும். அப்போது வலப்புறமும் முன்புறமும் கீழ்ப்பலகை 100 மி.மீ. வெளியே தெரியும், இடப்புறமும் பின்புறமும் மேல்பலகை நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு பலகைக்கும் இதே திசை. ஒன்று மாறினாலும் அது எந்த இடத்திலும் உட்காராது.

மேல், கீழ் இரண்டின் முகப்பு ரேகையும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கட்டும். எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு வர அதுதான் வழி.

பசை தடவும் முன், வெளியே தெரியப் போகும் அந்த 100 மி.மீ. படியை முழுவதும் மறைப்பு டேப்பால் மூடுங்கள். அழுத்தும்போது பசை பிதுங்கி அங்கே வழியும். காய்ந்துபோன ஒரு துளிப் பசை போதும், பக்கத்துப் பலகை அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும், வெறுங்காலுக்கு அது உடனே தெரியும். டேப்பைப் பசை முழுதாகக் காயும் முன்னரே உரித்துவிடுங்கள்.

கிளாம்பு போட்டுப் பிடித்த பிறகு பலகையைத் திருப்பி, அடியிலிருந்து மேல்நோக்கித் திருகுங்கள். 20 செ.மீ. இடைவெளியில் கட்டம் கட்டமாகப் போட்டால் ஒரு பலகைக்கு 35, 40 திருகு ஆகும். மேலிருந்து திருகினால் அத்தனை தலையும் ஆடும் பரப்பில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: 9 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் பல சமயம் 8.5தான் இருக்கும். இரண்டும் சேர்ந்து 17 மி.மீ. என்றால் 16 மி.மீ. திருகை அழுத்தி உள்ளே புதைத்தால் முனை மேலே எட்டிப்பார்க்கும். முதலில் அளங்கள், வீண் துண்டு ஒன்றில் ஒரு திருகு போட்டுப் பாருங்கள், அப்புறம் டிரில்லின் விசையைக் குறைத்து வையுங்கள். ஒட்டி முடித்ததும் ஒவ்வொரு பலகையின் மேற்பரப்பையும் உள்ளங்கையால் ஒரு தடவை மெதுவாகத் தடவிவிடுங்கள்.

ஓர் இரவு காய விடுங்கள். ஈரக்காலமாக இருந்தால் ஒரு முழு நாள்.

7. ஃபோம்: ஒட்டுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். மற்றதெல்லாம் தச்சு வேலை. தரையின் குணம் இங்கேதான் முடிவாகிறது.

ஃபோமை 75 × 75 மி.மீ. கட்டங்களாக நறுக்குங்கள். கைக்கு அடக்கமான கட்டர் கத்தி ஒரே இழுப்பில் 50 மி.மீ. வெட்டாது, அறுத்தறுத்து வெட்டினால் பக்கம் சாய்ந்துவிடும். நீளமான, பல் வைத்த ரொட்டிக் கத்தி நன்றாக வேலை செய்யும். ஒரு மரச்சட்டத்தை ஓரத்தில் வைத்து அதன்மேல் சாய்த்து வெட்டினால் நேராக வரும். ஒரு பலகைக்கு 25 கட்டம்: ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து. முதல் கட்டத்தின் நடு, கீழ்ப்பலகையின் ஓரத்திலிருந்து 40 மி.மீ. உள்ளே. அடுத்தடுத்த நடுக்களுக்கு இடையே 283 மி.மீ. இப்படி வைத்தால் இணைப்பின் இரு பக்கமும் ஓரத்திலேயே ஃபோம் இருக்கும், சேரும் இடம் தொய்யாது.

இப்போதைக்குத் தொடுபசையைத் திறக்கவே வேண்டாம். ஒரே ஒரு பலகையில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டித் தரையில் வையுங்கள். களிமண்ணோ குழந்தைகள் விளையாடும் மாவுக்களியோ எடுத்து 50 மி.மீ. உயரத்துக்குக் கூம்பு செய்து, பலகைக்கு அடியில் நான்கு கட்டங்களுக்கு நடுவே வையுங்கள். கூம்பின் நுனி பலகையின் அடியைத் தொட வேண்டும். ஆடப் போகிறவரே மேலே ஏறி, வழக்கமாகக் குதிக்கும் உயரத்துக்குக் குதித்து இறங்கட்டும். பலகையைத் தூக்கிக் கூம்பை அளந்தால், அந்த இடம் அதிகபட்சம் எவ்வளவு இறங்கியது என்பது கையில் இருக்கும். இதையே ஓரத்திலும் மூலையிலும் செய்யுங்கள். தனிப் பலகையின் ஓரம் நடுவைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் இறங்கும். பக்கத்துப் பலகை சேர்ந்ததும் அது குறையும். அதனால் நான்கு பலகையும் சேர்ந்த பிறகு ஓரங்களை மறுபடி பாருங்கள்.

எவ்வளவு இறங்கலாம்? உள்ளரங்க விளையாட்டுத் தரைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 14904, சோதனையில் செங்குத்து இறக்கம் 5 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்கிறது. தரை அதிர்வைக் குறைக்கும் அளவு 25 முதல் 75 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் களிமண் கூம்பு ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. ஆனாலும் 3 முதல் 5 மி.மீ. என்பதைக் குறியாக வைத்துக்கொள்ளலாம். 8, 10 என்று போனால் துள்ளு மேடையாகிவிடும், தட்டும் கால் புதைந்து வரும், தாளம் பிந்தும். 1 மி.மீ. மட்டும் இறங்கினால் இவ்வளவு உழைப்பும் வீண்.

அதிகம் இறங்கினால் கட்டங்களுக்கு நடுவில் கூடுதல் கட்டம் சேருங்கள். குறைவாக இறங்கினால் ஒவ்வொரு கட்டத்தையும் 60 மி.மீ. ஆகச் சிறிதாக்குங்கள். ஒன்று விட்டு ஒன்றை எடுத்துவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். கட்டங்களுக்கு நடுவே பிளைவுட்டே வளைய ஆரம்பித்துவிடும். சின்னக் குழந்தை ஆடும் தரைக்கும் பெரியவர் ஆடும் தரைக்கும் ஒரே ஃபோம் சரியாகாது. இருவரும் ஆடப் போகிறார்கள் என்றால் கனமானவரை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

சரியான அமைப்பு கிடைத்ததும் நான்கு பலகையிலும் கட்டங்கள் வரும் இடத்தைப் பென்சிலால் வரைந்து, துளை போட்டு முடியும் வரை ஃபோமை டேப்பிலேயே ஒட்டி வையுங்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு, பசையால் ஒட்டுவது ஒன்பதாம் படியில்.

8. இணைப்புத் துளைகள்

பலகைகளை டேப்பில் ஒட்டிய ஃபோமோடு தரையில் சேர்த்து வையுங்கள். மேல் இணைப்பில் 1 மி.மீ. இடைவெளி வேண்டும் என்றேன். பழைய பிளாஸ்டிக் வங்கி அட்டை 0.76 மி.மீ. கனம், அதோடு ஒரு தாளை இரண்டாக மடித்துச் சேர்த்து இணைப்பில் இரண்டு மூன்று இடத்தில் செருகினால் இடைவெளி சீராக நிற்கும்.

படியின் நடுவில், அதாவது மேல்பலகை ஓரத்திலிருந்து 50 மி.மீ. உள்ளே, ஓர் இணைப்புக்கு நான்கு இடத்தில் குறியிடுங்கள். குறி ஃபோம் கட்டத்தின் மேல் வராமல், கட்டங்களுக்கு நடுவில் வரட்டும். மேலடுக்கையும் கீழடுக்கையும் சேர்த்து ஒரே தடவையில் 6 மி.மீ. துளை போடுங்கள், தனித்தனியாக அளந்து போட்டால் பொருந்தாது. டிரில் பிட்டில் 25 மி.மீ. உயரத்தில் ஒரு டேப் துண்டைக் கொடி போல ஒட்டிவிட்டால், அடியில் இருக்கும் டைல்ஸ் தப்பிக்கும்.

பிறகு பிரித்து, மேல் துளையை 7 மி.மீ. ஆகப் பெரிதாக்கி, போல்ட் தலை 1 மி.மீ. கீழே அமரும்படி வாய் அகட்டுங்கள். கீழ்த் துளையை டி-நட்டின் குழலுக்கு ஏற்றபடி, பெரும்பாலும் 8 மி.மீ. ஆக்குங்கள். குழலின் நீளம் 9 மி.மீ.யைத் தாண்டாததாக இருக்க வேண்டும். போல்ட் 16 மி.மீ. நீளம்.

பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு பலகையின் அடியிலும் எண்ணும் முன்பக்க அம்புக்குறியும் எழுதுங்கள். துளைகள் அந்த ஜோடிக்கு மட்டும்தான் பொருந்தும்.

9. மேல்பூச்சும் ஃபோம் ஒட்டுவதும்

மேற்பரப்பை முதலில் 120 எண் தாளாலும் பிறகு 180 ஆலும் ரேகையின் திசையில் தேயுங்கள். மேல் விளிம்புகளை லேசாக மழுக்குங்கள், கூர்மையான விளிம்பில்தான் சிராய் எழும்பும். துளைகளின் வாயையும் அப்படியே.

வார்னிஷை மேலே மூன்று தடவை, அடியில் ஒரு தடவையாவது பூசுங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிடுவது மிகவும் சகஜம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று. மேல் பக்கம் ஈரம் ஏறாமல் அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை கிண்ணமாக வளையும். ஓரங்களுக்குப் பூச்சு இன்னும் முக்கியம், ஈரம் நுழைவது அங்கேதான். நீர் கலந்த வகை ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் முழு உறுதி வர ஒரு வாரம் பிடிக்கும். தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். அதற்குள் குதித்தால் குதிகால் தடம் நிரந்தரமாகப் பதியும். பளபளப்பு வகை வேண்டாம், மங்கல் வகை வாங்குங்கள். விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்காது.

அடிப்பூச்சு காய்ந்ததும் பென்சில் கட்டங்களை மட்டும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் தொடுபசை தடவுங்கள். ஃபோமிலும் தடவ வேண்டும். இரண்டும் விரலில் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகு சேர்த்து அழுத்தினால், பிறகு நகர்த்த முடியாது. பாலிஎத்திலீன் ஃபோம் என்றால் அதன் முகத்தையும் முதலில் தேய்த்துக்கொள்ளுங்கள், வழவழப்பான முகத்தில் பசை பிடிக்காமல் சில மாதத்தில் உதிரும். தொடுபசையின் ஆவி தீப்பற்றும், தலையும் சுற்றும். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு எரியும் இடத்திலிருந்து விலகி வேலை செய்யுங்கள். கடைசியாக டி-நட்டுகளை அடியிலிருந்து சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள்.

10. விரிப்பதும் மடக்குவதும்

அறையின் பின்-இடது மூலையிலிருந்து தொடங்குங்கள். ஓரப் பட்டைகளில் பாதிக்கு அடியில் ஃபோம் ஒட்டியிருக்க வேண்டும். அவை பின் பக்கத்திலும் இடப் பக்கத்திலும் முதலில் படுக்கும். முதல் பலகையின் நீட்டிய மேலடுக்கு அவற்றின் மேல் உட்காரும். அடுத்த பலகை முதல் பலகையின் வலது படியில் ஏறும். இப்படியே வலப்புறமும் முன்புறமும் வளர்த்துக்கொண்டு போய், கடைசியில் வெறுமையாக நிற்கும் படிகளை ஃபோம் இல்லாத பட்டைகளால் மூடுங்கள். எல்லாப் போல்ட்டையும் விரலால் இரண்டு சுற்று மாட்டிய பிறகே ஒவ்வொன்றாக முடுக்குங்கள். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசித் துளை பொருந்தாமல் அடம்பிடிக்கும்.

படிகளில் மெழுகுவர்த்தியை ஒரு தடவை தேய்த்துவிட்டால் மரத்தோடு மரம் உரசும் கிறீச் சத்தம் வராது. தரையின் வெளி ஓரம் 7 செ.மீ. உயரப் படி, அதில் கால் தடுக்கும். நடமாட்டம் உள்ள பக்கத்தில் சாய்வான மரச்சட்டம் ஒன்றைச் சேர்த்து வையுங்கள், அல்லது பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டுங்கள்.

வினைல் விரிப்பதாக இருந்தால் சுருளைப் பிரித்து ஒரு நாள் சும்மா கிடக்க விட்டு, அலை அடங்கிய பிறகு ஓரங்களில் டேப் போடுங்கள். திரும்ப எடுக்கும்போது குழாயில் சுருட்டுங்கள், மடித்தால் அந்த மடிப்பு போகவே போகாது.

ஒரு பலகை 17 முதல் 20 கிலோ வரும். அகலம் காரணமாக ஒருவர் தூக்குவது சிரமம், இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே கையாள வேண்டிய சூழல் என்றால் தொடக்கத்திலேயே பலகையை இரண்டடி அகலத்துக்குத் திட்டமிடுங்கள், இணைப்புகள் மட்டும் கூடும். அடுக்கும்போது மேற்பரப்பும் மேற்பரப்பும் பார்க்கும்படி ஜோடி சேர்த்து, நடுவில் பழைய போர்வை வைத்து, செங்குத்தாக நிறுத்திக் கட்டுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சில வாரங்களில் வளைந்துவிடும். 9 மி.மீ. படியின் மூலைகள்தான் உடையும் இடம், வண்டியில் ஏற்றும்போது அட்டைப் பெட்டித் துண்டுகளை மடித்து அங்கே கட்டிவிடுங்கள்.

நேரக் கணக்கு: ஷீட் பழகுவதற்கு இரண்டு மூன்று நாள், ஒட்டவும் காயவும் ஒரு வார இறுதி, ஃபோம் சோதனைக்கும் துளைக்கும் இன்னொன்று, பூச்சு கெட்டிப்பட ஒரு வாரம். கைவேலை குறைவு, காத்திருப்புதான் அதிகம். நிகழ்ச்சிக்கோ தேர்வுக்கோ முன்னதாகத் தரை வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே ஷீட் வாங்கிவிடுங்கள். வழக்கமாக ஆட ஆரம்பித்த பிறகு மாதம் ஒரு தடவை போல்ட்டுகளை முடுக்கிப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பலகைகளைத் தூக்கி, உதிர்ந்த அல்லது நசுங்கிய ஃபோம் இருக்கிறதா பாருங்கள். எப்போதும் குதித்து இறங்கும் ஒரே பலகைதான் முதலில் தளரும். எண்ணும் துளையும் மாறிவிடும் என்பதால் பலகையை இடம் மாற்ற முடியாது. அந்த இடத்துக் கட்டங்களை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சம் வைத்த ஃபோமிலிருந்து புதிதாக வெட்டி ஒட்டுங்கள்.